பாவாயி அணைத்த சூடம்

உச்சி வெயிலில் எரிகிற சூடம் கண்ணுக்குத் தெரியாது. கோயில் இருட்டில் பார்த்தே பழகிவிட்ட நமக்கு இது நம்பக் கஷ்டமாக இருக்கும். சந்தேகம் இருந்தால் சித்திரை மாதத்தில் ஒரு பன்னிரண்டு மணிக்கு வாசலில் ஒரு கட்டியை ஏற்றிப் பாருங்கள். தட்டு காலியாக இருப்பது போலத்தான் தோன்றும். தட்டுக்கு மேலே காற்று மட்டும் கொஞ்சம் நடுங்கும்.

அந்த நடுக்கத்தின் மேல் பாவாயி தன் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

கிணற்றில் முழுகிவிட்டு நேரே வந்திருந்தாள். ஈரச் சேலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்டிய இடமெல்லாம் உடனுக்குடன் காய்ந்துகொண்டிருந்தது. சுற்றிலும் எழுபது எண்பது பேர் நின்றார்கள். ஒருவரும் இருமக்கூட இல்லை. அத்தனை ஜனம் கூடிய இடத்தில் அப்படி ஒரு அமைதியை அதற்கு முன் நான் கண்டதில்லை.

"அணைஞ்சிருச்சுங்க சாமி" என்றாள்.

குனிந்து பார்த்தேன். எரிந்தபோதும் தெரியவில்லை, அணைந்தபோதும் தெரியவில்லை. அவள் வார்த்தையை நம்பி, ‘என் முன்னிலையில் சூடம் அணைக்கப்பட்டது’ என்று ரிப்போர்ட்டில் எழுதினேன். எழுதும்போது முதுகு சில்லிட்டது. அந்த வெயிலில் சில்லிட எந்த முகாந்திரமும் இல்லை.

பேய் பார்த்ததுண்டா?

இந்தத் தொடரைப் படித்து வரும் வாசகர் ஒருவர், ‘ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறீர்களே, எங்காவது பேய் பார்த்ததுண்டா?’ என்று கேட்டுக் கார்டு போட்டிருக்கிறார்.

இல்லை ஐயா. ஆனால் செத்துப்போனதாக எல்லோரும் நினைத்திருந்த ஒரு சட்டம் பட்டப்பகலில் நடமாடுவதைப் பார்த்திருக்கிறேன். பேய் என்றால் வேப்பிலை அடித்து ஓட்டிவிடலாம். இதற்கு அப்படி ஒரு வழியும் இல்லை.

யுத்தம் தொடங்கி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். செவ்வாய்ப்பேட்டையில் நெசவுக்கார வீட்டில் பிறந்து, சென்னைப் பட்டணத்தில் சட்டம் படித்து, முன்சீப் கோர்ட்டு இருந்த ஒரு ஊரில் போர்டு மாட்டியிருந்தேன். ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இன்றைக்கும் அங்கே கறுப்புக் கோட்டு மாட்டுகிறவர்கள் என்னைச் சும்மா விட மாட்டார்கள்.

கேஸ் இல்லாத இளம் வக்கீல்களுக்கு முன்சீப் இரக்கப்பட்டுக் கமிஷனர் வேலை கொடுப்பார். தகராறில் இருக்கும் நிலத்தைப் பார்த்துப் படம் போட்டு வர வேண்டும். படுத்த படுக்கையாகக் கிடக்கும் சாட்சியை வீட்டுக்கே போய் விசாரித்து வர வேண்டும். அந்த வேலைகளில் ஒன்றுதான் சத்தியம் வாங்கப் போவது.

"கும்பினியார் இந்தத் தேசத்தை வளைத்துப் போட்டபோது வரியை எடுத்துக்கொண்டார்கள், வாளை எடுத்துக்கொண்டார்கள், உங்கள் வழக்கங்களை உங்களிடமே விட்டுவிட்டார்கள்" என்று எங்கள் காலேஜ் வாத்தியார் சொல்வார். கேட்க நன்றாக இருக்கும். பரீட்சையில் எழுதினால் மார்க்கும் விழும்.

சட்டப் புத்தகத்தில் அதற்கு ஒரு மூலையும் ஒதுக்கியிருந்தார்கள். ‘எதிராளி தங்கள் குல வழக்கப்படி இன்ன கோயிலில் இன்ன விதமாகச் சத்தியம் செய்தால் நான் கட்டுப்படுகிறேன்’ என்று ஒரு கட்சி சொல்லலாம். எதிராளியும் ஒப்புக்கொண்டால் கோர்ட்டு ஒரு கமிஷனரை அனுப்பும். சத்தியம் செய்துவிட்டால் அதுவே முடிவு. சாட்சியும் வேண்டாம், பத்திரமும் வேண்டாம். செய்ய மறுத்தால் கேஸ் அநேகமாக அம்பேல்.

எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. ராஜா தலை போட்ட காகிதத்துக்குள் கருப்பனார் எப்படிப் புகுந்தார் என்று சிநேகிதர்களிடம் கிண்டல் செய்வேன். எனக்கு அப்போது வாய் ஜாஸ்தி.

ஒரு கிணறு, இரண்டு வீடு

எருமப்பட்டிக்குக் கிழக்கே ஒரு கிராமம். பாவாயியின் புருஷனும் அவர் தம்பி நல்லமுத்துவும் சேர்ந்து வெட்டிய கிணறு அங்கே இருந்தது. ஒரு நாள் அண்ணன் மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைப்பார், மறுநாள் தம்பி இறைப்பான். எழுத்தில் ஒன்றும் இல்லை. அண்ணன் செத்த மாதமே தம்பி, "கெணறு என்னுது" என்று அண்ணியின் மாட்டைத் துரத்திவிட்டான். தண்ணீர் இல்லாவிட்டால் பாவாயியின் நாலு ஏக்கரும் வெறும் கரம்பு. அவளும் மகளும் பிழைப்பதற்கு வேறு வழி கிடையாது.

கேஸ் ஒரு வருஷம் நடந்தது. பாவாயியின் பக்கம் சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை. நல்லமுத்து ஜெயிப்பான் என்றுதான் கோர்ட்டில் எல்லோரும் நினைத்தோம். அந்த நிலையில் ஒருநாள் அவன் எழுந்து கை கூப்பினான்.

"எங்கண்ணி கருப்பனார் முன்னால சூடம் அணைச்சு, பாதிக் கெணறு அவிய ஊட்டுக்காரருதுன்னு சொல்லட்டுமுங்க. நான் உட்டர்றேன்" என்றான்.

முன்சீப் பாவாயியைப் பார்த்தார். "சரிங்க" என்று ஒரே வார்த்தை சொன்னாள்.

ஜெயிக்கிற கேஸை ஒருவன் ஏன் கோயில் வாசலில் கொண்டுபோய் வைக்க வேண்டும்? எனக்குப் புரியவில்லை. நல்ல மனுஷன்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். அதை இப்போது எழுதவும் கூச்சமாக இருக்கிறது.

கேட்க வேண்டியது

பெட்ரோல் கிடைக்காத அந்த நாளில் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் குலுங்கி, மாட்டு வண்டியில் இன்னும் கொஞ்சம் குலுங்கிப் போய்ச் சேர்ந்தபோது உச்சிப்பொழுது நெருங்கிவிட்டது. உத்தரவில் மத்தியானம் பன்னிரண்டு மணி என்று நேரமே குறித்திருந்தது.

நல்லமுத்து வேட்டியில் மடிப்புக் கலையாமல், குடை பிடித்துக்கொண்டு நின்றான். பாவாயி ஈரத்தோடு நின்றாள். சற்றுத் தள்ளிப் புளியமர நிழலில் அவள் மகள் அத்தாயி, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள், இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். நிறைமாதம். இந்த வெயிலில் இவளை யார் கூட்டிவந்தார்கள், மயங்கி விழாமல் இருக்க வேண்டுமே என்று நினைத்தேன். அதற்குமேல் ஒன்றும் நினைக்கவில்லை.

பூசாரி சடையன் என் வயதுக்காரன். தட்டும் சூடமும் அவன் கையில் இருந்தன.

"ஏற்றப்பா" என்றேன்.

"நான் ஏத்த மாட்டனுங்க."

"ஏன்?"

"கேக்க வேண்டியதைக் கேட்டுப்போட்டுத்தான் சூடம் ஏத்தோணும். நீங்க இன்னும் கேக்கலீங்க."

"என்ன கேட்க வேண்டும்?"

"அதை நான் எடுத்துக் குடுக்கப்படாதுங்க சாமி. சத்தியம் வாங்கறவங்களே கேக்கோணும்."

எனக்குக் கோபம் வந்தது. கோர்ட்டு உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறவனுக்கு ஒரு பூசாரி பாடம் எடுப்பதா? பாவாயியின் பக்கம் திரும்பி உத்தரவில் இருந்ததை வரிசையாகக் கேட்டேன். பெயர். புருஷன் பெயர். வயசு. எவருடைய தூண்டுதலும் இல்லாமல் செய்கிறாயா? கிணற்றில் உன் புருஷனுக்குப் பாதி உண்டு என்பது நிஜம்தானா?

"நெசமுங்க."

அவ்வளவுதான். நான் காகிதத்தை மடித்தேன். பாவாயி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஏதாச்சும் கேக்கறீங்களா சாமி?" என்றாள்.

"ஒன்றும் இல்லை அம்மா."

அவள் கண் ஒரே ஒரு முறை புளியமரத்தடிக்குப் போய்த் திரும்பியது. கூட்டத்தில் யாரோ ஒரு பெண் மூச்சை இழுத்தது கேட்டது. அப்போது எனக்குச் சிகரெட் பழக்கம் உண்டு, பையில் தீப்பெட்டி இருந்தது. சடையன் தட்டைத் தரையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனான். நானே குனிந்து சூடத்தை ஏற்றினேன்.

பாதியில் எழுந்து போனவன்

கையெழுத்தெல்லாம் வாங்கி முடித்தபோது கூட்டம் கலைந்திருந்தது. போகும்போது ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவும் இல்லை. சடையன் மட்டும் என் எதிரில் உட்கார்ந்திருந்தான்.

"என்னதான் கேட்டிருக்க வேண்டும்? இப்போதாவது சொல்" என்றேன்.

அவன் ஒரு பழங்கதையிலிருந்து ஆரம்பித்தான்.

"எங்க பாட்டன் காலத்துக்கும் மின்னாடி ஒரு தொரை இங்க கூடாரம் போட்டு உக்காந்தானாமுங்க. உங்க ஊருச் சட்டமெல்லாம் சொல்லுங்க, எளுதி வெச்சுக்கறேன்னானாம். கூட ஒரு எளுத்துக்காரன். எங்காளுக சூடம் அணைக்கறதைச் சொன்னாங்க. அவனும் எளுதுனான். மேக்கொண்டு சொல்றதுக்குள்ளார வெயில் தாங்காம, போதும்னு எந்திரிச்சுப் போயிட்டானாமுங்க."

"மிச்சம்?"

"மிச்சம் எங்ககிட்டயே இருக்குதுங்க."

அந்த மிச்சத்தை அவன் நிதானமாகச் சொன்னான். சத்தியம் செய்கிறவர் மட்டுமல்ல, சத்தியம் கேட்கிறவனும் முழுகி ஈரத்துணியோடு பக்கத்தில் நிற்க வேண்டும். சத்தியம் செய்த நாளிலிருந்து முப்பது நாள் கெடு. அந்த முப்பது நாளும் அந்த வீட்டுக்கு ஊரில் ஒருவரும் நெருப்போ தண்ணீரோ கொடுக்கக் கூடாது. அதற்குள் அந்த வீட்டில் ஒரு கெட்டது நடந்தால் சத்தியம் பொய்.

"அதனாலதானுங்க, ஊட்டுல வாயும் வயிறுமா ஒருத்தி இருந்தா, புள்ளை பொறந்து தீட்டுக் கழியற வரைக்கும் சத்தியமே வாங்கப்படாது. இருக்கறாளான்னு வாங்கறவங்க கேக்கோணும். பண்றவ தானா வாயைத் தொறந்து சொன்னா, பயந்து பின்வாங்கறான்னு ஆயிரும்."

நான் புளியமரத்தைத் திரும்பிப் பார்த்தேன். மகள் போய்விட்டிருந்தாள். தலைப்பிரசவம் என்றால் அந்தக் காலத்தில் மறுபிறவி மாதிரி. வீட்டுக்கு வீடு இழப்பு உண்டு.

"நல்லமுத்துவுக்கு இது தெரியாதா?" என்றேன்.

"தெரிஞ்சுதானுங்க கேட்டான். கோர்ட்டுல ஜெயிச்சா ஊரு ஒத்துக்காது, அண்ணி பயந்து பின்வாங்குனாலோ கெடு விழுந்தாலோ ஊரும் கெணறு அவனுதுன்னு சொல்லியாகோணும். ஊருக்குள்ள கேட்டிருந்தா வாயை மூடுடான்னிருப்போம். அதனாலதான் கோர்ட்டுல கேட்டான்."

"ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டுவிடுகிறேன். இன்றைக்கு நடக்கவில்லை என்று எழுதுகிறேன்" என்று உளறினேன்.

"காயிதத்தைக் கிளிக்கலாம். சூடம் அணைஞ்சுபோச்சுங்களே" என்றான் சடையன். வண்டி ஏறும்போது பக்கத்தில் வந்து, மெதுவாக இன்னொன்றும் சொன்னான். "ஏத்துனவங்களுக்கும் கெடு உண்டுங்க சாமி. ஊட்டைப் பாத்துக்குங்க."

முப்பது நாள்

திரும்பும் வழியில் தாகம் நாக்கை இழுத்தது. மூன்று வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் கேட்டேன். "தண்ணி இல்லீங்க சாமி" என்று மூன்று வீட்டிலும் மரியாதையாகச் சொன்னார்கள். மூன்றாவது வீட்டில் அந்த அம்மாள் இடுப்பிலேயே நிறைகுடம் இருந்தது. குடத்தை மறைக்கவும் இல்லை. சேதி எனக்கு முன்னால் எப்படிப் போனது என்று இன்றைக்கும் தெரியாது.

பத்து நாளில் தீர்ப்பு வந்தது. பாதிக் கிணறு பாவாயிக்கு. கோர்ட்டைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது.

எனக்கு முடியவில்லை. நான் பகுத்தறிவுக்காரன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன். காலையில் எழுந்ததும் பெண்டாட்டியையும் இரண்டு பெண்குழந்தைகளையும் மூச்சு வருகிறதா என்று பார்க்க ஆரம்பித்தேன். சுவரில் தொங்கும் காலண்டரில் பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளி வைத்தேன். மத்தியானத்தில் கோர்ட்டு வாசலில் நின்று தெருவைப் பார்த்தால், வெயிலில் காற்று நடுங்கும். இங்கே எது எரிகிறது என்று தோன்றும். சட்டென்று உள்ளே போய்விடுவேன்.

பதினெட்டாம் நாள் சின்னவளுக்குக் காய்ச்சல் வந்தது. பெண்டாட்டி, "பல்லு மொளைக்கிற காய்ச்சல். இதுக்குப் போயி ஏன் இப்படி நடுங்கறீங்க?" என்று கேட்டாள். கருப்பனாரே என்று மனசுக்குள் கூப்பிட்டேன். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது.

அந்த இரண்டு நாளும் எனக்கு இன்னொரு வீடு நினைவே இல்லை. அங்கே ஒரு பெண் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். தன்னலம் என்றால் இதுதான்.

வாசலில் நின்றவள்

இருபத்து நான்காம் புள்ளி வைத்த அன்று பிற்பகல், வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்று பெண்டாட்டி சொன்னாள். போய்ப் பார்த்தேன். பாவாயி. நிழலுக்கு வராமல் தெருவில் வெயிலிலேயே நின்றாள்.

கிராமத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறாள் என்பது காலைப் பார்த்தால் தெரிந்தது. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் நினைத்தேன்.

"உங்க ஊட்டுல எல்லாரும் சொகமுங்களா சாமி?" என்றாள்.

"சுகம்தான் அம்மா. ஏன்?"

"அதைத்தானுங்க கேட்டுப்போட்டுப் போலாமுன்னு வந்தேன். எங்க ஊட்டுல கெடு விழுந்துபோச்சு. உங்க ஊட்டுலயும் ஏதாச்சும் ஆயிருச்சோன்னு பயமா இருந்துதுங்க. கெடு முடிய இன்னும் ஆறு நாள் இருக்குது."

அவளே சொன்னாள்.

"ஆம்பளப் புள்ளைங்க. ரெண்டு நாள் இருந்துச்சு. அத்தாயி எந்திரிச்சு உக்காந்துட்டா."

"அம்மா, நீங்கள் சொன்ன சத்தியம் உண்மைதானே?"

"நெசந்தானுங்க. அந்தக் கெணறு வெட்டறப்ப நானுந்தானுங்க மண்ணுச் சொமந்தேன்."

"அப்புறம் என்ன? கோர்ட்டுத் தீர்ப்பு உங்கள் பக்கம் இருக்கிறது. யாரும் உங்களை ஒன்றும் செய்ய முடியாது."

"கெணத்தை உட்டுட்டனுங்க" என்றாள். "கெடு விழுந்துபோச்சுங்களே."

இன்றைக்குப் புதன்கிழமை என்று சொல்வது போலச் சொன்னாள். நான் வாதாடினேன். பச்சைக் குழந்தை போவதற்கும் கிணற்றுக்கும் என்ன சம்பந்தம் என்றேன். கேட்டு முடித்துவிட்டு அவள் ஊர்ச் சேதி சொன்னாள். நல்லமுத்துவும் தண்ணீர் இறைப்பதில்லையாம். புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டில் சத்தியம் கேட்டவனுக்கு மாடு ஓட்டப் போகிறவர் அந்த ஊரில் இல்லை. கிணறு நிறையத் தண்ணீர் சும்மா நிற்கிறது.

உள்ளேயிருந்து பெண்டாட்டி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். பாவாயி கையை நீட்டவில்லை.

"நீங்க குடுத்தாக் குடிக்கலாமுங்க சாமி" என்றாள் என்னைப் பார்த்து. "உங்களுக்கும் எனக்கும் ஒரே கெடுதானுங்களே."

செம்பை வாங்கி நானே சாய்த்தேன். இரண்டு கையையும் குவித்து நெடுநேரம் குடித்தாள். இருபத்து நாலு நாளில் பிறத்தியார் கையால் அவள் குடித்த முதல் தண்ணீர் அது. எனக்கு அழுகை வந்தது. பெண்டாட்டி எதிரில் அழுதேன், வெட்கப்படவில்லை.

"நான் கேட்டிருக்க வேண்டும் அம்மா" என்றேன்.

"தெரியாமத்தானுங்க பண்ணுனீங்க. உங்க காயிதத்துல அது இல்லை." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே வேற ஊருக்குச் சத்தியம் வாங்கப் போனீங்கன்னா, இருக்கறாளான்னு ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுத் தீக்குச்சியை எடுங்க சாமி. நான் வாரேன்."

மழை

முன்சீப்பிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பரிதாபம்தான். ஆனால் உத்தரவில் அப்படி ஒரு கேள்வி சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை" என்றார். அவர் மேல் தப்பில்லை. அவர் கையில் இருந்தது எழுதிய பாதி.

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு சத்தியங்களுக்குப் போனேன். காகிதத்தில் இருப்பதையெல்லாம் வாசித்துவிட்டு, காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, கடைசியாக அதைக் கேட்பேன். ஒவ்வொரு ஊரிலும் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தது போலக் கூட்டம் மூச்சு விடும். ரிப்போர்ட்டில் அது வராது. எந்தக் கோர்ட்டுக் காகிதக் கட்டைப் பிரித்துத் தேடினாலும் கிடைக்காது.

ஒரு பங்குனி மாதத்தில் வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனபோது, "இருக்கறாளுங்க" என்று பதில் வந்தது. தீப்பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன். நிறைவேற்றாமல் வந்ததற்குக் காரணம் எழுத வேண்டுமே. யோசித்து, ‘பலத்த மழை காரணமாக’ என்று எழுதிக் கொடுத்தேன்.

முன்சீப் படித்தார். தலையைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வேம்புகூட வாடித் தொங்கும் வெயில். அந்த வருஷம் தையிலிருந்து ஒரு தூறல் கிடையாது.

"மழை பலமோ?" என்றார்.

"ஆமாம் சார்."

"எத்தனை மாதம்?"

"ஏழாவது மாதம் சார்" என்றேன்.

ஒரு நிமிஷம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஐந்து மாதம் தள்ளி வாய்தா போட்டுக் கையெழுத்து வைத்தார்.